அபஸ்வரத்துக்குக் கொஞ்சம் இடம்

ராயகிரி போன்ற ஊர்களிலும் இப்போது கிதார் புகுந்துவிட்டது. மேற்கே மலையும் சுற்றிலும் வயலுமாக இருக்கிற ஊருக்கு ஸ்பெயின் தேசத்து வாத்தியம் எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. பிடிலும் கடல் தாண்டி வந்ததுதான். எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர் (1786-1858) அதைக் கையில் எடுத்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? என் வழக்கு வேறு. ஆசையாக வாங்கிய கிதார் ஆறே மாதத்தில் சுவர் ஆணிக்குப் போய்விடுகிறதே, அது யார் குற்றம்?

பெற்றோரைக் கேட்டால், "பையனுக்குக் கை வரவில்லை, சார்" என்கிறார்கள். இது அபாண்டம். கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டினால் மூன்று நாள் பொறுத்துக்கொள்கிற நமக்கு, வீட்டுப் பிள்ளை பதினைந்து நிமிஷம் தந்தியைத் தட்டினால் தலைவலி வந்துவிடுகிறது. மாமா வந்தால் சினிமாப் பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை சத்தம் மட்டும் கேட்கக் கூடாது! பெண் குழந்தையாகப் பிறந்துவிட்டால், "உனக்கு எதற்கடி இது?" என்ற கேள்வி வேறு. நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அதெல்லாம் பிறவி வித்தை, இளையராஜாவுக்கு வந்ததென்றால் எல்லோருக்கும் வருமா?" என்பார்கள். பண்ணைப்புரத்திலிருந்து போன அந்த மனிதர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் படித்தார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிதார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. அதைப் 'பிறவி' என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடுவது அவருக்கும் நியாயமில்லை, நம் பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.

"குரு இல்லாமல் வருமா?" என்பது அடுத்த கேள்வி. நல்ல குரு கிடைத்தால் பாக்கியம்தான். ஆனால் ஸ்பெயினின் ஸெகோவியா (1893-1987) வீட்டார் எதிர்ப்புக்கு நடுவே பெரும்பாலும் தாமாகவே கற்று, கிதாரைக் கச்சேரி மேடையில் ஏற்றினார். குருவே இருந்தாலும், அவரிடம் போவது வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாள் சாதகம் வீட்டில்தானே?

ஆகவே வீட்டாருக்கே சொல்கிறேன். விலை மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கிதாரின் கழுத்தில் வீணையைப் போலவே மெட்டுகள் உண்டு. பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே எஃகுத் தந்தி மூன்று மில்லிமீட்டருக்கு அதிகமாகத் தூக்கி நின்றால், பெரியவர்கள் விரலுக்கே வலிக்கும். பிஞ்சு விரல் என்ன செய்யும்? குழந்தைக்கு நைலான் தந்தியும் சிறிய அளவுக் கிதாரும் நல்லது. நைலானுக்கென்று செய்த கிதாரில் எஃகுத் தந்தியை மாட்டாதீர்கள். அந்த இழுப்பில் பாலம் பெயர்ந்துவிடும். குற்றாலச் சாரல் வீசுகிற மாதங்களில், வாசித்து முடித்ததும் எஃகுத் தந்தியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு ஏறும்.

தினமும் முதல் வேலை சுருதி சேர்ப்பது. தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வரிசை. கைபேசியில் இதைச் சரிபார்க்கும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. சுருதி சேராத கிதாரில் பழகினால், விரல் சரியாக விழுந்தாலும் காது தப்பென்று சொல்லும். பிள்ளை தன்னைத்தான் நொந்துகொள்ளும். விரல் நுனியை மெட்டின் மேலே வைக்காமல் அதற்குச் சற்று முன்னால் அழுத்த வேண்டும். குறைந்த பலத்தில் சுத்தமான நாதம் வரும். முதல் மாதத்துக்கு ஈ மைனர், ஏ மைனர் என்ற இரண்டு கார்டுகள் போதும். நாலு எண்ணிக்கைக்கு ஒன்று, அடுத்த நாலுக்கு மற்றொன்று என்று மெதுவாக மாற்றிப் பழகட்டும். வேகம் தானாக வரும். விரல் நுனி வலிக்கத்தான் செய்யும். மூன்று நாலு வாரத்தில் தோல் காய்த்துவிடும். அதிகமாக வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அடிப்பதைவிடத் தினம் பதினைந்து நிமிஷம் மேல்.

அந்தப் பதினைந்து நிமிஷமும் வீட்டில் அபஸ்வரம்தான் கேட்கும். கேட்கட்டும். "இன்னும் பாட்டு வரவில்லையா?" என்று கேட்காதீர்கள்; பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள்; பரீட்சை வந்துவிட்டதென்று கிதாரைப் பரண்மேல் போடாதீர்கள். 'எனக்கு வராது' என்று பத்து வயதில் நம்பிவிட்ட குழந்தை, நாற்பது வயதில் வேறு எந்தப் புதிய காரியத்துக்கும் கை நீட்டத் தயங்கும். அந்த நஷ்டத்தோடு பார்த்தால், சாயங்காலத்தில் நமக்கு வருகிற தலைவலி எம்மாத்திரம்?