பனித்தரையும் பிணக்கிடங்கும்

ஒரு விளையாட்டு அரங்கின் மதிப்பை எதை வைத்து அளப்பது? அங்கே வென்ற பதக்கங்களையா, கூடிய கூட்டத்தையா? போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் ஸெத்ரா அரங்கைப் பொறுத்தவரை, அதன் மர இருக்கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1984 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டப்பட்ட உள்ளரங்கம் அது. அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் ஜோடி ஜேன் டார்வில் - கிறிஸ்டோபர் டீன், ராவேலின் 'போலேரோ' இசைக்கு அதன் பனித்தரையில் ஆடினார்கள். கலைநயத்துக்காக ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார்கள். அன்று யுகோஸ்லாவியா ஒரே நாடு. செர்பியரும் குரோஷியரும் போஸ்னிய முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த ஊர் சரயேவோ.

எட்டே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1992 ஏப்ரலில் போஸ்னிய செர்பியப் படைகள் சுற்றியுள்ள மலைகளிலிருந்து நகரை முற்றுகையிட்டன. மே மாதம் பீரங்கித் தாக்குதலில் ஸெத்ரா எரிந்தது. எஞ்சிய அடித்தளம் பிணக்கிடங்காயிற்று. இருக்கைப் பலகைகளைப் பெயர்த்தெடுத்துச் சவப்பெட்டிகள் செய்தார்கள். பக்கத்து விளையாட்டு மைதானம் இடுகாடாயிற்று.

ஸெத்ராவில் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றவர் ஜெர்மனியின் காதரினா விட். 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக்ஸில் அவர் போர் எதிர்ப்புப் பாடல் ஒன்றுக்கு ஆடி, அதை சரயேவோவுக்குக் காணிக்கையாக்கினார். உலகம் நெகிழ்ந்தது. முற்றுகையோ மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிதியுதவியுடன் 1999-ல் ஸெத்ரா மீண்டும் திறந்தது. வீடிழந்தவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது ஸ்கேட்டிங் அரங்கம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால், குண்டுகள் வீடுகளின் மேல் மட்டும் விழவில்லை. அதே 1992 ஆகஸ்டில் தேசிய நூலகமும் எரிந்தது. இனம் பார்க்காமல் மக்கள் கூடும் இடங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. வீடுகளை மட்டும் கட்டிக்கொடுத்தால் குடியிருப்புகள் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

முற்றுகை தொடங்கி 20 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2012-ல் நகரின் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகள் காலியாகப் போடப்பட்டன. கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று. 2014-ல் ஐம்பது வயதைக் கடந்த டார்வில் - டீன் ஜோடி ஸெத்ராவுக்குத் திரும்பி வந்து, மறுபடியும் 'போலேரோ' ஆடியது.

பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த இருக்கைகள் புதியவை. பழையவை மண்ணுக்கடியில் இருக்கின்றன.