இரசிகனின் கடமை

இசையை நேசிப்போர் பலர். இசையின் வரலாற்றைப் பேணுவோர் சிலரே. பாடலைக் கேட்டு இன்புறுவதோடு இரசிகனின் பணி முடிந்துவிடுவதில்லை. எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், எந்த ஆண்டில் வெளிவந்தது என்பவற்றைத் தேடிக் குறித்து வைப்பதும் அவன் கடமையே என்பது என் கருத்து.

இதற்கு இத்தாலி நாட்டில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1970களின் முற்பகுதியில் அந்நாட்டு இளைஞர்கள் ராக் இசையோடு மேலைச் செவ்வியல் இசையை இணைத்து நீண்ட படைப்புகளை உருவாக்கினர். ‘புரோகிரசிவ் ராக்’ என்பது அவ்விசையின் பெயர். ‘பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்கோனி’ போன்ற சில குழுக்கள் பிறநாடுகளிலும் புகழ் பெற்றன. வேறு பலவோ ஓரிரு இசைத்தட்டுகளோடு மறைந்தன. ‘மியூசியோ ரோசன்பாக்’ என்னும் குழு 1973இல் ஒரே ஒரு நெடுந்தட்டை வெளியிட்டு விரைவில் கலைந்தது. இன்று அத்தட்டு அவ்வகையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இத்தகைய மறுவாழ்வில் இரசிகர்களின் பங்கு பெரிது. அவர்கள் தட்டுகளைத் தேடிச் சேர்த்தனர்; இணையத்தளங்கள் அமைத்துக் கலைஞர் பெயர்களையும் ஆண்டுகளையும் மறுபதிப்புகளையும் பட்டியலிட்டனர்.

தமிழகமும் இத்தகையோரைக் கண்டதுண்டு. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் தமிழ்த் திரைப்படங்களின் விவரங்களைத் தம் வாழ்நாள் முழுதும் திரட்டினார். ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்னும் அவரது நூல் 2004இல் வெளிவந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் கணினியில் ஏற்றி உலகுக்கு வழங்கிவருகிறது.

நம் இசுலாமியத் தமிழ்ப் பாடல்களுக்கு நாம் என்ன செய்தோம்? ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்றதும் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபாவின் (1925–2015) குரல் நம் செவியில் ஒலிக்கும். அப்பாடலை இயற்றியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? இத்துணைப் புகழ்பெற்ற பாடலுக்கே இந்நிலை எனில், பிற பாடல்களின் கதி என்ன?

“இன்று எல்லாப் பாடல்களும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே, பட்டியல் எதற்கு?” என்று சிலர் வினவலாம். பாடல் கிடைக்கிறது, உண்மை. ஆயின் அதை ஏற்றியவர் எழுதிய பெயரே அதன் பெயராகிறது, பாடலாசிரியர் பெயர் விடுபடுகிறது, ஆண்டு தவறாகிறது. ஒரு தவற்றை நூறு பேர் படியெடுத்தால் அது உண்மைபோல் உலவும். மூல இசைத்தட்டின் முகப்புத்தாளும் ஒலிநாடாவின் உறையுமே பெரும்பாலும் நமக்குள்ள சான்றுகள். எர்ணாவூர் முதல் இராயபுரம் வரை கடலையொட்டி வாழும் நம் வீடுகளில் அச்சான்றுகளுக்கு ஆயுள் குறைவு. ஈரக்காற்றில் ஒலிநாடா பூஞ்சை பிடிக்கிறது. காகித உறை செல்லரிக்கிறது. வீடு மாறும்போது எஞ்சியவை பழைய பொருள் வாங்குவோரின் தராசுக்குப் போகின்றன.

இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்கள் நம் கைக்கு எட்டியது எவ்வாறு? அவற்றின் மீது பற்றுக்கொண்டோர் ஏட்டிலும் அச்சிலும் பேணியதால் அன்றோ! முன்னோர் செய்த அப்பணியை நாம் நம் காலக் கருவிகளால் தொடர வேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்கள் இதனைத் தம் வீடுகளிலிருந்தே தொடங்கலாம். பரணில் உள்ள ஒலிநாடாக்களை எடுத்து, உறையிலுள்ள செய்திகளைப் பிழையின்றிப் படியெடுங்கள். தட்டின் எண், நிறுவனம், பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். உறையில் இல்லாததை ஊகித்து எழுதாமல் வெற்றிடமாகவே விடுங்கள். பின்வருவோர் அதனை நிரப்புவர். திருமண வீடுகளில் ஒலிபெருக்கி அமைத்த பெரியவர்களிடமும் மேடைகளில் பாடியோரிடமும் கேட்டு, சொன்னவர் பெயரோடு பதியுங்கள். பாடல்களின் உரிமை உரியவர்க்கே உரியது. நாம் தொகுக்க வேண்டுவது அவற்றைப் பற்றிய செய்திகளை.

சமுதாயப் பெரியோர் தம்மிடமுள்ள பழந்தட்டுகளை மாணவர் பார்வையிட இசைவு தந்தால் அதுவே பேருதவியாகும். நினைவில் உள்ளவரைதான் அவை நம்முடையவை; எழுத்தில் ஏறினால் நம் பேரர்க்கும் உரியவை.