கண்ணில் படாத செலவே முதற்செலவு

வீட்டைப் புதுப்பிக்க முனைவோர் பலரும் சுவர் வண்ணத்திலிருந்தே தொடங்குகின்றனர். அடுத்து வரவேற்பறைக்குப் பொய்க்கூரை, அலங்கார விளக்குகள், பெரிய சோபா என்று செலவு வளர்கிறது. கையிருப்பும் கடன்தொகையும் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. முதல் மழைக்காலத்தில் சுவரில் உப்புப் பூத்து, புதுச்சாயம் செதில் செதிலாக உரிகிறது. செலவுக்கு இருக்க வேண்டிய வரிசை மாறிப்போனதன் விளைவு இது.

புணேயின் லோஹேகாவில் இந்த வரிசை இன்னும் முக்கியமானது. 2017இல் மாநகராட்சி எல்லைக்குள் வந்த இப்பகுதியில் விமானப்படைத் தளமும் நகரின் விமான நிலையமும் அருகருகே உள்ளன. சுகோய் போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையிலிருந்து எழும்புகின்றன. படைப்பணியின் பொருட்டும் கராடி, விமான் நகர் அலுவலகங்களின் பொருட்டும் இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இவ்வூரில் வீட்டின் முதல் வசதி உறக்கமே என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

காற்று நுழையும் இடுக்கெல்லாம் ஒலியும் நுழையும். நகரும் கதவுகள் கொண்ட ஜன்னல்களில் இடுக்குகள் மிகுதி. ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் ஜன்னலும் தடித்த கண்ணாடியும் ஒலியைக் கணிசமாகக் குறைக்கும். எல்லா அறைகளுக்கும் இதைச் செய்ய இயலாதெனில் படுக்கையறைக்கேனும் செய்துகொள்ள வேண்டும். கனத்த திரைச்சீலை அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் இரைச்சலை அது பெரிதாகத் தடுப்பதில்லை.

அடுத்தது நீர். மொட்டை மாடியின் சரிவு, குளியலறைத் தளம், ஜன்னலின் அடிவிளிம்பு, வெளிச்சுவரின் வெடிப்பு ஆகிய நான்கையும் ஜூன் மாத மழைக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். சுவரின் ஓதம் முற்றிலும் உலர்ந்த பிறகே சாயம் பூச வேண்டும். மூன்றாவது மின்சாரம். பழைய கம்பிகள், நில இணைப்பு, நீர்ச்சூடேற்றியின் இணைப்பு ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் சோதித்துவிட்டால், சுவரை மறுமுறை உடைக்க நேராது. முதியோர் உள்ள வீட்டில் குளியலறையின் வழுக்காத தளமும் கைப்பிடியும் இந்த முதற்செலவைச் சேர்ந்தவையே.

இவை முடிந்த பின் எஞ்சுவது சிறு தொகையாகவே இருக்கலாம். அதனால் வீட்டின் இதம் குறைந்துவிடாது. இப்பகுதிச் சமையலறைகளில் கடப்பைக் கல்லால் அமைக்கும் அடுக்குகளைக் கரையான் அரிப்பதில்லை, ஈரமும் கெடுப்பதில்லை. குளிர்காலத்தில் சில்லிடும் ஓட்டுத் தரைக்குப் பவானி ஜமக்காளம் ஒன்றும், இரவுக்குச் சோலாப்பூர்ப் போர்வை ஒன்றும் போதும். இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற நெசவுகள். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். ஊர்தோறும் மாற்றலாகி வந்த படைவீரர் வீடுகளில் இரும்புப் பெட்டிமேல் மெத்தை விரித்தால் இருக்கையாகும். உள்ளே கம்பளிகளை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் தொல்லை ஒருமுறையோடு போய்விடுமே என்பர் சிலர். உடைப்பு வேலைகளைப் பொறுத்தவரை இது சரியே. அறைகலன்களுக்கு இது பொருந்தாது. ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் காலை வெயில் எங்கே விழுகிறது, பிள்ளைகள் எங்கே அமர்ந்து படிக்கின்றனர், தாத்தா எந்த மூலையை விரும்புகிறார் என்பன தெளிவாகும். அதன் பின் வாங்கும் நாற்காலி வீணாவதில்லை.

கடனிலும் இதே பகுப்பு வேண்டும். பொருளின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளலாகாது என்பது நம் கருத்து. நீர்க்காப்பும் மின்கம்பியும் நெடுங்காலம் உழைப்பவை. அவற்றுக்குக் கடன் பெறுவது தகும். ஐந்தாறு ஆண்டுகளில் நைந்துபோகும் சோபாவுக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை தகாது. அதைச் சேமிப்பிலிருந்தே வாங்கலாம்.

கடனின் வகையையும் கவனிக்க வேண்டும். 5 லட்சம் ரூபாயை 5 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். வட்டி 9 விழுக்காடு எனில் மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய்; 14 விழுக்காடு எனில் 11,630 ரூபாய். கடன் முடியும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 75,000 ரூபாயைத் தொடும். படுக்கையறை ஜன்னல்களின் செலவில் ஒரு பகுதியையேனும் இது ஈடுகட்டும். எனவே அவசரத்தில் தனிநபர்க் கடன் பெறுமுன், வீட்டுச் சீரமைப்புக் கடனின் வட்டியையும் கட்டணங்களையும் விசாரித்து ஒப்பிடுவது நன்று. வரிச்சலுகையை நம்பிக் கடனைப் பெருக்குவதும் தவறு. பழைய வரிமுறையில், தாமே குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் பெற்ற கடனுக்கோ அந்த வரம்பு 30,000 ரூபாய்தான்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்றனர் முன்னோர். புதுப்பிக்கும் வீட்டுக்கும் அது பொருந்தும். ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு கேட்கும் நாளில் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தில் நீர், ஒலி, மின்சாரம், முதியோர் பாதுகாப்பு ஆகியவற்றை எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்குப் பணம் ஒதுக்கிய பின்னர் மறுபக்கத்தைத் திருப்புங்கள்.