விலைப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்

நம் சங்க உறுப்பினர்களில் பலரும் இன்று கடைக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் அதன் முகவரியை அச்சடித்திருக்கிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் அந்தத் தளத்தைத் திறந்தால் என்ன இருக்கிறது? முகப்பில் சாமி படம், ஸ்தாபகர் படம், கடை வாசலின் படம், தரத்தைப் பற்றி இரண்டு வரி, ஒரு போன் நம்பர். சில்லறைக் கடைக்காரர் எதைத் தேடி வருகிறாரோ அந்த விலை மட்டும் இருக்காது. இருந்தாலும் போன பொங்கலுக்குப் போட்ட விலையாக இருக்கும்.

மற்றவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் தளமும் இரண்டாண்டு காலம் அப்படித்தான் கிடந்தது.

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு 2021-இல் ஒருவர் தளம் அமைத்துக் கொடுத்தார். பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. விலைப் பட்டியல் ஒன்றையும் அதில் போட்டுத் தந்தார். ஆனால் அதில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும் என்றாலும் அவருக்குத்தான் போன் செய்ய வேண்டும். தடவைக்கு முந்நூறு ரூபாய். பருப்பு விலை வாரத்துக்கு மூன்று முறை மாறினால் என்ன செய்வது? மாற்றாமல் விட்டுவிட்டோம்.

2023-இல் துவரம் பருப்பு விலை ஏறிக்கொண்டே போனதும், அவ்வாண்டு ஜூன் மாதம் மத்திய அரசு துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு விதித்ததும் அனைவருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். அவர் தகப்பனார் காலத்திலிருந்து நம்மிடம் சரக்கு எடுப்பவர். ஐம்பது கிலோ மூட்டை ஐந்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்ததும் செல்போனை நீட்டினார். "அண்ணாச்சி, இது உங்க கடை போட்ட விலைதானே?" என்றார். நம் பட்டியல்தான். கிலோவுக்கு ஒன்பது ரூபாய் வித்தியாசம். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பழைய விலைக்கே கொடுத்தோம். இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் போயிற்று. அது பெரிதல்ல. அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் அந்தச் செல்போனை எட்டிப் பார்த்தார்களே, அதுதான் மனதை உறுத்தியது.

அன்று மாலையே தளம் அமைத்தவரைக் கூப்பிட்டோம். உறவினர் கல்யாணம், ஊரில் இல்லை என்றார். பன்னிரண்டு நாள் அந்தப் பழைய விலை உலகம் முழுவதும் தெரிய நின்றது. நம் கடைப் பலகையில் தப்பான விலை எழுதியிருந்தால் ஈரத்துணி எடுத்து நாமே துடைத்திருப்போம். சொந்தக் காசில் போட்ட பலகையைத் துடைக்க அடுத்தவர் ஊரிலிருந்து வரவேண்டியிருந்தது. தளத்தின் பெயரும் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை நம் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் வாங்குவதற்கு இரண்டு மாதம் அலைந்தோம். தளம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு வழி சொன்னவர் நம் கடையில் பில் போடும் பெண். பிளஸ் டூ வரை படித்தவர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியாதவர். ஒரு மதிய வேளையில் செய்து முடித்துவிட்டார். அவர் செய்ததை நமக்கு விளங்கிய மட்டும் சொல்கிறோம்.

கூகுள் ஷீட்ஸ் என்பது எக்செல் போலக் கட்டம் போட்ட தாள். ஜிமெயில் வைத்திருக்கும் எவரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். அதில் நான்கு பத்தி: சரக்கு, ரகம், மூட்டை எடை, கிலோ விலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்தில் தேதி. எழுதி முடித்தபின் 'ஃபைல்' என்பதில் 'ஷேர்', அதற்குள் 'பப்ளிஷ் டு வெப்' என்று இருக்கிறது. அதில் 'எம்பெட்' என்பதைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டால் 'ஐஃப்ரேம்' என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி கிடைக்கும். அது என்ன மொழி என்று யோசிக்கவே வேண்டாம். அப்படியே நகல் எடுத்து நம் தளத்தின் பக்கத்தில் ஒட்ட வேண்டியதுதான். வேர்டுபிரஸ் முறையில் அமைந்த தளமானால் 'கஸ்டம் எச்.டி.எம்.எல்.' என்ற பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு தடவை, கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. அதன் பிறகு தளத்தின் பக்கமே போக வேண்டாம். காலை பத்தரை மணிக்கு விருதுநகர் நிலவரம் கேட்டதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே செல்போனில் அந்தத் தாளைத் திறந்து எண்ணை மாற்றுகிறோம். சில நிமிடத்தில் தளத்திலும் மாறிவிடுகிறது.

நானூறு, ஐந்நூறு அயிட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது போதாது. வாடிக்கையாளர் சரக்கின் பெயரைத் தட்டித் தேட வசதி வேண்டும். அதற்கு வேர்டுபிரஸ் தளங்களில் 'டேபிள்பிரஸ்' என்ற இணைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் தாளை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு, தேடவும் வரிசைப்படுத்தவும் வசதியுள்ள பட்டியலாகக் காட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தளத்துக்குள் போய்த்தான் வரவேண்டும் என்பது அதில் ஒரு சிரமம். பருப்பு போல தினம் மாறும் சரக்குக்கு முதல் முறை, சோப்பு சீப்பு போல எப்போதாவது மாறுவதற்கு இரண்டாவது முறை என்பது நம் அபிப்பிராயம்.

கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இந்தக் கட்டங்கள் ஒன்றும் புதிதல்ல. 1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் 'விசிகால்க்' என்ற பெயரில் இதன் முன்னோடியை வெளியிட்டபோது, காகிதப் பேரேட்டில் ஓர் எண்ணை அடித்து எழுதினால் கீழே உள்ள கூட்டல் முழுவதையும் திரும்பப் போடவேண்டிய தொல்லையைத்தான் ஒழித்தார்கள். அந்தத் தொல்லையை ராந்தல் வெளிச்சத்தில் பட்டவர்கள் நம் பெரியவர்கள்.

ஆனால் பேரேட்டுப் பழக்கம் சில இடங்களில் காலை வாரிவிடும். நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசை நாம் 42-50 என்று கோடு போட்டு எழுதிப் பழகியவர்கள். இந்தத் தாள் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. புள்ளிதான் வைக்க வேண்டும். உப்புப் பாக்கெட்டுக்கு 12-10 என்று எழுதினால் தேதி என்று நினைத்துக்கொள்ளும். 'ரூ.' என்பதையும் '/-' என்பதையும் தலைப்பிலேயே தீர்த்துவிட்டு, கட்டத்துக்குள் எண்ணை மட்டும் எழுதுவது உத்தமம். இன்னொன்று, வரிசைப்படுத்தும் விவகாரம். விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து ஏறுவரிசை கொடுத்தால் விலை மட்டும் இடம் மாறும், சரக்கு மாறாது. ஒருநாள் நாமே அப்படிச் செய்து, உப்பின் விலை மிளகுக்கு நேரே போய் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளையாகப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம். பழைய நிலைக்குத் திருப்பும் வசதி, 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்று, அதிலேயே இருக்கிறது.

தமிழ் எழுத்துப் பிரச்சினையும் உண்டு. பழைய பில்லிங் கம்ப்யூட்டரில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினால், துவரம் பருப்பும் வராது, கடலைப் பருப்பும் வராது. இங்கிலீஷ் எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். யூனிகோடு முறையில் அடித்தால்தான் எல்லாச் செல்போனிலும் தமிழாகத் தெரியும். நாம் மொத்தப் பட்டியலையும் புதிதாகவே அடித்துவிட்டோம். அந்தச் சாக்கில் வருஷக்கணக்காக வராத சரக்குகள் பதினேழு பட்டியலை விட்டுப் போயின.

இனி, முக்கியமான எச்சரிக்கை. வெளியிடும்போது அது முதலில் 'முழு ஆவணம்' என்றுதான் காட்டும். அதைக் கவனித்து, விலைத்தாளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி கவனிக்காமல் வெளியிட்டுவிட்டார். அதே கோப்பில் இன்னொரு தாளில் பாக்கிக் கணக்கு இருந்தது. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது இரண்டு நாள் தளத்தில் நின்றது. ஓர் ஊரில் ஒரு கடைக்காரருக்குக் கடன் இருக்கிறது என்பது வெளியே வந்தால் மற்றவர்களும் அவருக்குச் சரக்குக் கொடுக்கத் தயங்குவார்கள் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் வீடு வீடாகப் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கொள்முதல் விலைப் பத்தியை மறைத்து வைத்தால் போதும் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். தாளைப் பார்க்கும் அனுமதியோடு பகிர்ந்துகொண்டால், பார்ப்பவர் அதை நகல் எடுத்து மறைத்ததைத் திறந்துவிட முடியும். ஆகவே கொள்முதலும் பாக்கியும் வேறு கோப்பில் இருக்கட்டும். விலைக் கோப்பில் விலையைத் தவிர எதுவும் வேண்டாம்.

விலையையே வெளியே போடலாமா என்று கேட்பவர்கள் நம் வீதியிலும் இருக்கிறார்கள். எதிர்க்கடைக்காரர் பார்த்து ஐம்பது காசு குறைத்துப் போட்டுவிடுவார் என்பது அவர்கள் பயம். நியாயமான பயந்தான், இரண்டு முறை நமக்கே நடந்தது. ரொக்கக்காரருக்கு ஒரு விலை, தவணைக்காரருக்கு ஒரு விலை, பத்து மூட்டைக்கு ஒரு விலை என்று இருக்கும்போது எதைப் போடுவது என்பதும் சரியான கேள்வியே. நாம் ரொக்க விலை, ஒரு மூட்டைக்கு, கடையில் எடுத்துக்கொண்டால் என்று தலைப்பிலேயே எழுதிவிட்டு அதை மட்டும் போடுகிறோம். மற்றது நேரில். எதிர்க்கடைக்காரருக்கு நம் விலை தளம் வருவதற்கு முன்பும் காலை பதினொரு மணிக்குள் தெரிந்துதான் இருந்தது, லோடுமேன்கள் சொல்லிவிடுவார்கள். தெரியாமல் இருந்தவர் வாடிக்கையாளர் ஒருவரே.

அந்த வாடிக்கையாளர் இன்று எப்போது சரக்குப் போடுகிறார் என்பதை யோசிக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்து, சாப்பிட்டுவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். பெரிய ஆன்லைன் மொத்த வியாபாரக் கம்பெனிகளின் விலைப் பட்டியல் அந்த நேரத்திலும் அவர் கண்முன் இருக்கிறது. நாம் படுத்துவிட்டோம், போனை எடுப்பதில்லை. கம்பெனி விலை நம் விலையைவிட அதிகமாக இருந்தாலுங்கூட, தெரிந்த விலைக்குத்தான் அவர் ஆர்டர் கொடுப்பார். பலர் வாட்ஸ்அப்பில் சீட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதுவும் நன்றே. ஆனால் போன மாதப் படமும் இந்த மாதப் படமும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சரக்கைத் தேடவும் முடியாது. நாம் கடைக்கு வந்த புதிதில் வெளியூர்க் கடைகளுக்கு அஞ்சலட்டையில் விலை எழுதிப் போடுவோம். அய்யா தேதி போடாத கார்டைக் கிழித்துவிடுவார். வாட்ஸ்அப் படங்களில் தேதியைக் காணவே காணோம்.

சென்ற 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது இந்தக் கட்டங்களின் அருமை தெரிந்தது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு எல்லாம் பதினெட்டு சதவீதத்திலிருந்து ஐந்துக்கு வந்தன. நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர் பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு. நாம் பக்கச் சரக்காக அவற்றையும் வைத்திருக்கிறோம். அவற்றுக்குத் தனித் தாள் ஒன்றில் அடக்கமில்லாத விற்பனை விலை ஒரு பத்தி, வரி ஒரு பத்தி, இரண்டும் சேர்ந்த விலை ஒரு பத்தி என்று முன்பே பிரித்து, கூட்டும் வேலையைத் தாளுக்கே விட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு வரிப் பத்தியை மட்டும் மாற்றினோம். நூறு ரூபாய்ச் சரக்கு 118 என்றிருந்தது 105 ஆகி நின்றது. முக்கால் மணி நேர வேலை. திங்கட்கிழமை காலை, எங்கே விலை குறைந்தது என்று சண்டை போடும் முகத்தோடு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சரக்கு எடுத்துப் போனார்கள்.

இலவசமாகக் கிடைப்பதை முழுக்க நம்பியும் இருந்துவிடக் கூடாது. இதே கூகுள் கம்பெனி 2009-இல் 'ஃபியூஷன் டேபிள்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. பட்டியல்களைத் தளத்தில் காட்ட அதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். 2019 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். ஆகவே சனிக்கிழமைதோறும் கடை கட்டும்போது விலைத்தாளை எக்செல் கோப்பாக இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு, கல்லாவில் சாவிக்கொத்தோடு வைத்துவிடுகிறோம். நாளை வேறொரு இடத்துக்குப் போகவேண்டி வந்தாலும் பட்டியல் நம்மோடு வரும்.

பில் போடும் பெண் செய்முறை முழுவதையும் வரிசையாகத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். எந்த இடத்தைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று படம் வரைந்தும் இருக்கிறார். உறுப்பினர்கள் கீழமாசி வீதிப் பக்கம் வரும்போது கடையில் கேட்டால் நகல் தருகிறோம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் குறைவு. தங்கள் விலைச் சீட்டையும் எடுத்து வந்தால் அங்கேயே உட்கார்ந்து முதல் பத்து வரி அடித்துப் பார்த்துவிடலாம்.