தண்டவாளத்தின் மேல் ஒரு நாணயம்!



மேசையின் மீது ஒரு சிறிய ரயில் பாதை. ஒரு சாண் நீளமுள்ள எஞ்சின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்புகிறது. அதன் முன்விளக்கு எரிகிறது. நிலையத்தை நெருங்கியதும் வேகத்தைத் தணித்து, மெல்ல வந்து நிற்கிறது. சுற்றி நிற்கும் பிள்ளைகளின் முகங்களில் பெருமிதம்! "எல்லாம் சரியாக அமைந்துவிட்டது" என்று தந்தையும் மனநிறைவு கொள்கிறார்.

சற்றுப் பொறுங்கள்! ஓடுகிற ரயில் எல்லாம் பழுதற்ற ரயில் ஆகிவிடாது. ஓர் உலோக நாணயத்தை எடுத்து, பாதையின் தொலைதூர மூலையில், இரு தண்டவாளங்களையும் தொடும்படி வையுங்கள். அந்த நொடியே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்பட்டால் உங்கள் வேலை நன்று. துண்டிக்கப்படாவிட்டால், அழகாக ஓடும் அந்த ரயிலின் அடியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று பொருள். அது எப்படி? அதை அறிய, முதலில் இந்த ரயில் எவ்வாறு ஓடுகிறது என்று பார்ப்போம்.

பெயர் சொல்லி அழைக்கும் கலை

மாதிரி ரயில் அமைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகளாக வளர்ந்து வந்த பொழுதுபோக்கு. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1859-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935-இல் அமைந்தது. இன்று பரவலாக உள்ள அளவு 'எச்.ஓ.' எனப்படுகிறது. உண்மை ரயிலின் 87-இல் ஒரு பங்கு என்பது இதன் கணக்கு. உலகின் பல நாடுகளில் தண்டவாளங்களின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் வரும். இதுவே எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி. நம் நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் அகலமுடையது. அதை அதே கணக்கில் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். குறைத்தால் வேகம் குறையும். ஆனால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையை நீக்கியது டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, மேற்சொன்ன அமெரிக்கச் சங்கம் 1994-இல் பொது விதிகளை வகுத்தது. சுருக்கமாக அதனை டி.சி.சி. என்பர்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். அவர் குரல் எல்லா மாணவர்களின் காதிலும் விழுகிறது. ஆனால் பெயருக்குரியவன் மட்டுமே எழுந்து விடையளிக்கிறான். டி.சி.சி. முறையும் இதே போன்றதுதான்! தண்டவாளம் முழுவதும் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்தின் திசை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்பின் அரைப் பகுதியும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 'ஒன்று'. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 'சுழியம்'. இந்த எண்களின் வரிசையே கட்டளையாகிறது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை உண்டு. அது எல்லாக் கட்டளைகளையும் கேட்கும். தன் எண்ணுக்குரியதை மட்டுமே நிறைவேற்றும். கடையிலிருந்து வரும் புதிய டிகோடரின் எண் பொதுவாக 3.

அமைக்கும்போதே கவனம் தேவை

பாதைக்கு மின்சாரம் தர ஓரிடத்தில் இரண்டு கம்பிகளை இணைத்துவிட்டால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். தவறு இங்கேதான் தொடங்குகிறது. தண்டவாளத் துண்டுகளைப் பிணைக்கும் சிறு உலோக இணைப்பான்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். அவற்றில் கறையும் படியும். மின்சாரம் அந்த இணைப்பான்களை நம்பிப் பயணம் செய்யக் கூடாது.

மேசையின் அடிப்பக்கத்தில் பாதை செல்லும் வழியிலேயே இரண்டு தடித்த செம்புக் கம்பிகளை நீளமாக இழுத்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி வீட்டு அமைப்புக்குப் போதுமானது. அவற்றிலிருந்து ஒரு மீட்டருக்கு ஒருமுறையேனும் மெல்லிய கம்பிகளை மேலே கொண்டுவந்து தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். மெல்லிய கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு தண்டவாளத்திற்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு என்று நிறத்தை முதலிலேயே தீர்மானித்து, இறுதிவரை மாற்றாதிருங்கள்.

எஞ்சினுக்குள் டிகோடர் பொருத்துவோர் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்வது நலம். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் பெறுபவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குச் செல்பவை. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொதுக் கம்பி. பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோக உடலையே தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடரைப் பொருத்தினால் தண்டவாள மின்சாரம் நேரே மோட்டார் கம்பிக்குள் புகுந்துவிடும். ஒரு நொடியில் புகை. விலை கொடுத்து வாங்கிய பலகை பாழ்! ஆகவே பொருத்துமுன், மோட்டாரின் இரு முனைகளுக்கும் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள். பொருத்தியபின், குறைந்த மின்னோட்டமே பாயும் தனிப் பாதையில், அதாவது புரோகிராமிங் பாதையில் முதலில் வைத்துச் சோதியுங்கள்.

பழுதைத் தேடுவது எப்படி?

"வாப்பா, வண்டி நின்றுவிட்டது!" என்று பிள்ளை ஓடிவரும். உடனே எல்லாவற்றையும் கழற்றத் தொடங்காதீர்கள். வரிசையாகக் கேள்விகளைக் கேளுங்கள்.

முதற் கேள்வி: குற்றம் பாதையிலா, எஞ்சினிலா? நின்ற இடத்தில் வேறொரு எஞ்சினை வையுங்கள். அதுவும் நின்றால் குற்றம் பாதையில். அது ஓடினால் குற்றம் முதல் எஞ்சினில்.

எஞ்சினில் என்றால், சரியான எண்ணில்தான் அழைத்தோமா என்று பாருங்கள். பெயரை மாற்றி அழைத்துவிட்டு, மாணவன் எழவில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை அல்லவா? எண் மறந்துவிட்டால், புரோகிராமிங் பாதையில் வைத்து அதைப் படித்தறியலாம். பல நிறுவனங்களின் டிகோடர்களில் சி.வி. 8 என்னும் அமைப்பில் 8 என்ற எண்ணை எழுதினால், அது தொடக்க நிலைக்குத் திரும்பி மீண்டும் 3-ஆம் எண்ணுக்குச் செவி சாய்க்கும்.

வண்டி விட்டு விட்டு ஓடினால் பெரும்பாலும் காரணம் அழுக்கே! தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரொப்பைல் திரவம் தோய்ந்த துணியால் துடையுங்கள். அது எளிதில் தீப்பற்றும். எனவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்றோட்டமான இடத்தில் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம். அது ஏற்படுத்தும் கீறல்களில் அழுக்கு மேலும் சேரும்.

அமைப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டால், எங்கோ இரு தண்டவாளங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று பொருள். முதலில் பாதையின் மேல் யாரோ மறந்து வைத்துவிட்ட ஸ்குரூ டிரைவரைத் தேடுங்கள்! அடுத்து, தடம் புரண்ட சக்கரம். அடுத்து, பாதை பிரியும் பாயின்ட். இடைவெளி தவறிய சக்கரம் அங்கே இரு தண்டவாளங்களையும் ஒருசேரத் தொட்டுவிடும்.

எதுவும் தென்படவில்லையா? பாதையைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியின் இணைப்பைக் கழற்றுங்கள். பழுது மறைந்தால் அது கழற்றிய பாதியில் இருக்கிறது. மறையாவிட்டால் மற்ற பாதியில். மீண்டும் அதைப் பாதியாக்குங்கள். எட்டுப் பகுதிகள் உள்ள அமைப்பில் மூன்றே சோதனைகளில் குற்றவாளி பிடிபடுவான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செய்ததை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

இன்னுமொரு பழுது உண்டு. ரயில் ஒரு வளையத்தைச் சுற்றிவிட்டு, வந்த வழியிலேயே திரும்பும் அமைப்பில், இடத் தண்டவாளம் போய் வலத் தண்டவாளத்தைச் சந்திக்கும். இது கம்பியின் குற்றமன்று, வடிவத்தின் இயல்பு. வளையத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, திசையைத் தானே மாற்றும் கருவியை இடையில் இணைக்க வேண்டும். பிரித்த பகுதி உங்கள் நீண்ட ரயிலை விட நீளமாக இருக்கட்டும்.

நாணயம் சொல்லும் உண்மை

இனி நாணயத்திற்கு வருவோம். தண்டவாளத்தில் சுமார் 15 வோல்ட். மின்சாரம் தரும் பூஸ்டர் 5 ஆம்பியரைத் தாண்டினால் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்று கொள்வோம். கம்பியும் இணைப்புகளும் சேர்ந்து 3 ஓமுக்கு மேல் தடை தந்தால், கணக்குப்படி 5 ஆம்பியர் ஒருபோதும் ஓடாது. தண்டவாளங்கள் தொட்டுக்கொண்டாலும் பூஸ்டர் அதை அறியாது! நாலு பெரிய எஞ்சின்கள் ஓடுகின்றன என்றே அது கருதிக்கொள்ளும். அப்போது 4 ஆம்பியர் ஓடினால் 60 வாட் வெப்பம் கம்பியிலும் தளர்ந்த இணைப்பிலும் சக்கரத்திலும் வெளிப்படும். ஈயம் பற்றவைக்க நாம் வாங்கும் கருவியே 25 வாட்தான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உருகுவதற்கும் தீப்பிடிப்பதற்கும் வேறென்ன வேண்டும்?

ஆகவே ஒவ்வொரு மீட்டரிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெரியவர்களே செய்யுங்கள். உலர்ந்த பிளாஸ்டிக் இடுக்கியால் நாணயத்தை ஓரிரு நொடி மட்டும் வையுங்கள். மின்சாரம் அறுபடாவிட்டால் நாணயத்தைத் தொடாதீர்கள். முதன்மைச் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு அந்த இடத்திற்குக் கூடுதல் கம்பியைக் கொண்டுவாருங்கள். மற்றொரு எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்டவாளத்தில் இணைப்பது உயிருக்கே ஆபத்து. இக்கருவிக்கென்று தயாரித்த அடாப்டரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

வீண் வேலையா?

"மேசைக்கு அடியில் படுத்துக் கம்பிகளைத் துழாவுவது படிக்கிற பிள்ளைக்குத் தேவையா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1946-இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினர். ரயிலின் அழகை விட, தொலைபேசி நிலைய ரிலேக்களால் மேசைக்கு அடியில் பின்னப்பட்ட கம்பி வலையே அவர்களில் சிலரை ஈர்த்தது. அந்தப் பிள்ளைகள்தாம் பின்னர் கல்லூரியின் கணிப்பொறியையும் ஆராயத் தொடங்கினர். 1962-இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்னும் கணிப்பொறி விளையாட்டில் அக்கழகத்தாரின் உழைப்பு உண்டு.

எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆவார்கள் என்று நாம் சொல்லவில்லை. இது செலவு மிகுந்த பொழுதுபோக்கு என்பதையும் மறைக்கவில்லை. ஒரு வட்டப் பாதை, ஓர் எஞ்சின், ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றோடு தொடங்குங்கள். மற்றவை மெல்ல வரட்டும். ஆனால் வண்டி நிற்கும்போது பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி நீங்களே சரிசெய்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, "குற்றம் பாதையிலா, எஞ்சினிலா?" என்று மட்டும் கேளுங்கள். விடையை அவனோ அவளோ தேடட்டும். நாணயம் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்!

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.