கைவேலைக்கு மார்க் எதற்கு?

சின்னாளபட்டியில் கைவேலை என்றால் கூலி. தறி ஓட்டுவதும் சாயம் முக்குவதும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதும் இந்த ஊர் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில்கள். கை ஓய்ந்தால் அடுப்பு ஓய்ந்துவிடும் என்ற பயத்தோடு வேலை செய்த பெண்களின் நடுவில்தான் நான் வளர்ந்தேன். அப்படிப்பட்ட ஊரில், ஓய்வுபெற்ற ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னினால் வருகிறவர் போகிறவர் கேட்பது ஒரே கேள்விதான்: “ஒண்ணு என்ன விலைக்குப் போகுது?”

விற்கவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி: “அப்புறம் எதுக்கு இந்தக் கஷ்டம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள். பேரேட்டில் ஒரு பைசா இடித்தால் இரவு வீட்டுக்குப் போக முடியாது. அந்த வேலையில் பிழை என்பது அடுத்தவர் பணம். அதனால் எதைச் செய்தாலும் முதல் முறையே சரியாக வர வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது என்பது என் சுபாவமாகிவிட்டது. ஆனால், கைவேலை எனக்கு வராது என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. ஆறாம் வகுப்பு தையல் பீரியடில், நான் ஓரம் அடித்த கைக்குட்டையை டீச்சர் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். “இப்படித் தைக்கக் கூடாது, எல்லாரும் பாத்துக்கங்க” என்றார். மார்க் பத்துக்கு மூன்று. அதற்குப் பிறகு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கக்கூட அடுத்தவர் கையைத்தான் எதிர்பார்த்தேன். மார்கழியில் வாசல் தெளிப்பதோடு என் வேலை முடிந்துவிடும். கோலம் போடுவது நாத்தனார்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. எங்கள் அலுவலகத்திலேயே நல்லாப் பாடக்கூடியவர், படம் வரையக்கூடியவர் எத்தனை பேர் “நமக்கெல்லாம் எங்க?” என்று ஒதுங்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு வகுப்பறை இருக்கும், ஒரு மார்க் இருக்கும், யாரோ சிரித்த சிரிப்பு இருக்கும். பிறவியிலேயே கை வராதவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பலர், பத்து வயதில் கூச்சப்படுத்தப்பட்டவர்கள்.

எனக்குக் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு அரசு தடை போட்டபோது, பரணில் கிடந்த ஒயர் கூடைகளெல்லாம் மறுபடியும் சந்தைக்குக் கிளம்பின. அக்காவிடம் எனக்கும் ஒன்று பின்னித் தரச் சொன்னேன். “நீயே பின்னு, நான் உக்காந்து சொல்றேன்” என்றார். எனக்கு வராதுக்கா என்று நான் இழுத்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. “தப்பாப் போனா அவுத்துக்கலாம் பாப்பா. அவுக்க முடியாத முடிச்சு இதுல கிடையாது” என்று சொல்லிவிட்டு ஒயரை என் மடியில் போட்டார்.

ஒயர் கூடை பின்னாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கட்டிலிருந்து ஒயரை ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்துக்கொள்ள வேண்டும். குறுக்கே ஓடுகிற ஒயர் ஒன்று தனியாக உண்டு. ஒன்றை வளைத்து, வளைவுக்குள் மற்றதை நுழைத்து, இரண்டையும் ஒருசேர இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு உட்காரும். அப்படியே வரிசை வரிசையாக அடிப்பாகம் வளரும். பிறகு நான்கு மூலையிலும் திருப்பினால் கூடை மேலே எழும்ப ஆரம்பிக்கும். சிவன் கண், நெல்லிக்காய் என்று பல பின்னல்கள் இருக்கின்றன, அதெல்லாம் பிறகு. முதலில் சாதா முடிச்சு. எல்லாச் சிக்கலும் இழுவையில்தான். ஒரு முடிச்சை இறுக்கி, அடுத்ததைத் தளர்த்திவிட்டால் அடிப்பாகம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், தரையில் வைத்தால் ஆடும். புது ஒயர் விரலின் பக்கவாட்டை அறுக்கும். பிரித்துப் பின்னினால் பழைய மடிப்பின் தடம் ஒயரில் தெரியும். ஆனால் புது முடிச்சு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அங்கேதான் எனக்கு ஏதோ ஒன்று விட்டுப்போனது. பிரிப்பதற்கு அக்கா ஒரு ஊக்கைக் கொடுத்தார். முடிச்சின் வளைவுக்குள் ஊக்கின் முனையை விட்டு நெம்பினால் முடிச்சு கழன்றுவிடும். யாரும் என்னைத் திட்டவில்லை, யாருடைய பணமும் குறையவில்லை, மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. திரும்பவும் பின்னலாம், அவ்வளவுதான். அன்றைக்கு மூலை திரும்பி, தட்டையாகக் கிடந்தது சட்டென்று பள்ளமாகி, ஒரு பாத்திரம் போல என் கைக்குள் நின்றபோது வந்த சந்தோஷத்தை எந்தச் சம்பள உயர்வும் எனக்குத் தந்ததில்லை. கூடை கோணல்தான். ஆனால், அது நின்றது.

கை பழகிய பிறகுதான் சந்தோஷம் வரும் என்று நாம் நம்புகிறோம். என் அனுபவம் நேர்மாறு. சந்தோஷம் முதல் நாளே வந்துவிட்டது. அது வந்ததால்தான் மறுநாளும் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததால்தான் கை பழகியது. தன்னம்பிக்கை வரட்டும், பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆரம்பிக்க அது தேவையே இல்லை. ஒயரும் கத்தரிக்கோலும் பக்கத்தில் ஒரு அக்காவும் இருந்தால் போதும்.

அக்கா என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யூடியூபில் இன்று எதையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால், அங்கே பத்து நிமிடத்தில் ஒரு கூடை முடிந்துவிடுகிறது. பிரித்துப் பின்னிய இடங்களை வெட்டி எடுத்துவிட்டுத்தான் காட்டுகிறார்கள். பார்க்கிறவருக்கு, தான் மட்டும்தான் தடுமாறுகிறோம் என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவர் அப்படி இல்லை. எத்தனையோ வருடம் பின்னிய அந்த அக்காவே பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு வரிசையைத் தப்பவிட்டு, அலுக்காமல் பிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

விலை கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைவேலையை வயிற்றுப்பாட்டோடு மட்டுமே பார்த்த ஊர் வேறு எதைக் கேட்கும்? விற்பதிலும் தவறில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் பிழைத்தார்கள். ஓவியத்தை விற்றே தீர வேண்டிய நெருக்கடி இல்லாமல், மனத்துக்குப் பட்டதை வரைய அந்த வருமானம் உதவியது. எத்தனை பெரிய கலைஞனாக இருந்தாலும், விலை பேசாத ஓர் இடம் வேண்டும் என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கணக்கெழுதி ஓய்ந்த எனக்கும் அது வேண்டும். நாளெல்லாம் கூலிக்கு முடிச்சுப் போடுகிற பெண்ணுக்கு என்னைவிட அதிகமாகவே வேண்டும்.

அந்த இடத்தைப் பள்ளிக்கூடம்தான் முதலில் தர வேண்டும். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாடு, கைத்தொழிலைப் படிப்பின் மையமாக வைக்கச் சொன்னது. அதற்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 1947இல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் வந்ததுதான். எனக்கு மூத்த தலைமுறை பள்ளியில் தக்ளியில் நூல் நூற்றது.

ஆனால், தமிழ்நாட்டில் பள்ளியையும் கைத்தொழிலையும் சேர்த்துப் பேசினால் 1953 நினைவுக்கு வந்தே தீரும். அன்றைய முதல்வர் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது முழுக்கச் சரி. நெசவாளி பிள்ளைக்குத் தறி, குயவர் பிள்ளைக்குச் சக்கரம் என்று விதித்துவிட்டால் அது கல்வியே அல்ல. என் அப்பா என்னைத் தறிப்பக்கம் விடாமல் பி.காம். படிக்க வைத்ததற்குப் பின்னால் இருந்ததும் அந்த வைராக்கியம்தான். ஆனால், அந்த அச்சத்திலேயே கைவேலையை மொத்தமாக ஓரம்கட்டிவிட்டோமோ என்று இப்போது கேட்கிறேன். டாக்டர் பிள்ளை மண் பிசையட்டும், குயவர் பிள்ளை வயலின் வாசிக்கட்டும், நெசவாளி பிள்ளை வண்ணம் தீட்டட்டும். பிறப்போடு ஒட்டாமல், எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கைவேலையும் கிடைக்க வேண்டும்.

நடப்பது என்ன? ஓவியம், தையல், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்காக 2012இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதே தவிர, நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னைக்குப் போய்ப் போராடினார்கள் என்பது செய்தித்தாள் வாசிப்பவர்களுக்குத் தெரியும். தன் வேலையே நிலையில்லாத ஒருவர், கூச்சப்படும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து “அவுத்துக்கலாம் பாப்பா” என்று எத்தனை நாள் பொறுமையாகச் சொல்ல முடியும்? பொதுத்தேர்வு வகுப்புகளிலோ ஓவிய பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது; பெற்றோரும் அதைக் கேட்பதில்லை.

நான் கேட்பது இரண்டு. இந்த ஆசிரியர்களை நிரந்தரமாக்குங்கள். கைவேலை பீரியடில் மார்க் போடுவதை நிறுத்துங்கள். ஒரு பிள்ளை எத்தனை முறை பிரித்துப் பின்னியது என்பதை எந்த மதிப்பெண்ணிலும் எழுத முடியாது. யாருடைய படத்தையும் பழுது காட்டுவதற்காக வகுப்பின் முன் தூக்கிப் பிடிக்கக் கூடாது.

பெரியவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு மேசையைக் கைவேலைக்கு ஒதுக்கலாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்த நூலகம் இதற்கு இடம் கொடுத்தாலும் ஒயர் கட்டையும் கத்தரிக்கோலையும் நானே கொண்டுவருகிறேன். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாலு நாற்காலி மட்டும் நூலகம் தந்தால் போதும்.