செக்கு சுற்றும் கம்ப்யூட்டர்

சகோதரிகளே, செக்கு மாடு நாளெல்லாம் நடக்கும்; ஆனால் நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருக்காது. போகட்டும், அது சுற்றினால் எண்ணெயாவது கிடைக்கும். எண்ணெயும் தராமல், ஊரும் போய்ச் சேராமல் சுற்றுகிற ஒன்றைப் போன ஐப்பசியில் பார்த்தேன். அது எங்கள் பிறந்த வீட்டுக் கம்ப்யூட்டர்!

எங்கள் ஊர் கடியப்பட்டணம். முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம், வள்ளியாறு கடலில் விழுகிற இடம். அண்ணன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வீட்டில் மைனியும் கல்லூரியில் படிக்கிற மருமகளுந்தான். அன்றைக்கு நல்ல மழை. கம்ப்யூட்டர் 'அப்டேட்' செய்துகொண்டிருந்தபோது பொசுக்கென்று கரண்ட் போய்விட்டது. பாட்டரியோ என்றைக்கோ உயிரை விட்டிருந்தது. கரண்ட் வந்து பொத்தானை அழுத்தினால், "பழுது பார்க்கத் தயாராகிறேன்" என்றது திரை. "பரிசோதிக்கிறேன்" என்றது. பிறகு, "முடியவில்லை" என்று கையை விரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து, "தயாராகிறேன்!" விடிய விடிய இதே கதை.

டவுனில் ஒரு கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கொண்டு வாங்க, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுத் தந்திரலாம்" என்றாராம். மைனி எனக்குப் போன் செய்தாள்.

"மக்கா, மாமாக்க கொரலு அதுலதானே இருக்கு? எல்லாம் போச்சா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா காலமாவதற்கு முந்திய வருஷம், தம் கடல் அனுபவங்களைப் பேசச் சொல்லி மருமகள் பதிவு செய்து வைத்திருந்தாள். அதற்கு வேறு பிரதி கிடையாது. இன்றைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம் என்று இருந்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி நேரலாம். ஆகவே முதலில் தைரியம் சொல்லிவிடுகிறேன். "பழுது பார்க்கிறேன்" என்ற திரை வருகிறதென்றால் யந்திரம் சாகவில்லை. கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தன் உறுப்புகளைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் வட்டிலிருந்து ஒரு சிறு நிரலை எழுப்பும். அது விண்டோஸை எழுப்பும். விண்டோஸ் மற்ற வேலையாட்களை எழுப்பும். இந்த வரிசையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை இடறினால், வட்டின் ஒரு மூலையில் தனியே ஒதுக்கி வைத்த மருத்துவ நிரல் ஒன்று எழுந்து வரும். அதற்குத் தெரிந்த கஷாயம் நாலுதான். நோய் அதில் அடங்காவிட்டால் மறுபடி கிளப்பிவிடும், மறுபடி இடறும், மறுபடி மருத்துவர்! உங்கள் படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் வட்டில் பத்திரமாகவே இருக்கும். வாசல் பூட்டு கெட்டுப்போனால் அலமாரியில் உள்ள பட்டுப் புடவைக்கு என்ன கேடு?

நமக்கு மட்டும் வந்த சோதனை என்றும் நினைக்க வேண்டாம். 2024ஆம் வருஷம் ஜூலை 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்து எழுந்து விழுந்து கொண்டிருந்தன. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்புதான் காரணம். ஒன்றேகால் மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் அதை விழுங்கிவிட்ட யந்திரங்கள் சுழலில் சிக்கிவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். வைத்தியம் என்ன தெரியுமா? ஒவ்வொரு யந்திரத்தையும் 'சேஃப் மோடில்' எழுப்பி, அந்தக் கோப்பை அழித்தார்கள். அவ்வளவுதான்! எதையும் துடைத்தெறியவில்லை.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். போனில் நான் சொல்லச் சொல்ல, மருமகள் அங்கே செய்தாள்.

முதலில், பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து முழுக்க அணைக்க வேண்டும். பிரிண்டர், பென் டிரைவ் என்று மாட்டியிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, விசைப்பலகையும் மௌஸும் மட்டும் வைத்து மறுபடி போட வேண்டும். ஒரு பழைய பென் டிரைவ் கூடச் சில சமயம் இந்தக் கூத்துக்குக் காரணமாக இருக்கும். எங்களுக்கு இதில் குணம் தெரியவில்லை.

அடுத்து, திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதற்குள் 'டிரபிள்ஷூட்', மறுபடி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. அங்கேதான் மருந்துப் பெட்டி இருக்கிறது. 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' போய், 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட். அத்தியாவசியமான வேலையாட்களை மட்டும் எழுப்புகிற முறை அது. அதில் எழுந்துவிட்டால், கடைசியாகப் போட்ட நிரலை நீக்கிப் பாருங்கள். எங்கள் யந்திரம் அதற்கும் மசியவில்லை.

"மாமி, இனி என்ன?" என்றாள் மருமகள்.

"இனி வைத்தியத்தை நிறுத்து. முதலில் தாத்தாவை வெளியே எடுப்போம்" என்றேன்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அதே பெட்டியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று ஒரு கறுப்புத் திரை உண்டு. சில யந்திரங்கள் இங்கே கடவுச்சொல் கேட்கும். அதில் 'நோட்பேட்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், சாதாரணமாகக் குறிப்பு எழுதுகிற அந்தப் பலகை திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், வட்டில் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வேண்டியதை நகலெடுத்து, பென் டிரைவில் ஒட்டலாம். 'சி' என்று இருந்த வட்டு இங்கே 'டி' என்று பெயர் மாறி நிற்கலாம், பயப்பட வேண்டாம். நகலாகும்போது திரை உறைந்து போனது போல் இருக்கும். பொறுமை வேண்டும்.

பதிவுகள் ஒவ்வொன்றும் பென் டிரைவுக்கு வந்து சேர்ந்தன. மைனி பக்கத்திலேயே நின்றிருப்பாள் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறந்தான் வைத்தியம். 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' போய்க் கடைசி அப்டேட்டை நீக்கச் சொன்னேன். அரை மணி நேரம் உருட்டிவிட்டு, யந்திரம் ஒன்றும் நடவாதது போல் எழுந்து உட்கார்ந்தது! பாதியில் நின்ற அந்த அப்டேட்தான் கால் தடுக்கியிருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் 'சிஸ்டம் ரெஸ்டோர்' உண்டு. பழைய தேதிக்குத் திரும்பும். சொந்தக் கோப்புகளைத் தொடாது; அந்தத் தேதிக்குப் பின் போட்ட நிரல்கள் மட்டும் போகும்.

கடைசி மருந்து 'ரீசெட்'. இதில் இரண்டு வாசல். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் கோப்புகள் தங்கும். நிரல்களை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் சகலமும் துடைத்துவிடும். அவசரத்தில் கை அங்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

மூன்று எச்சரிக்கைகள். வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் எந்த வைத்தியமும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, கோப்பு மீட்பதில் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். ஓட ஓடச் சேதம் அதிகமாகும். இரண்டாவது, சில கம்ப்யூட்டர்கள் 'பிட்லாக்கர்' என்ற பூட்டோடு வருகின்றன. மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது 48 இலக்கச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றைக்கே பார்த்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது, யந்திரத்தைக் கடைக்குக் கொடுத்தால், "கோப்புகளை எடுத்துத் தந்த பிறகுதான் மற்ற வேலை" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அழிப்பது அவருக்குச் சுலபம், இழப்பது நாம்.

அன்று ராத்திரி மருமகள் அந்தப் பதிவை எனக்கு அனுப்பினாள். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும், அதற்குப் பின்னால் உள்ள மலையையும் ஒரே நேரில் பிடித்து, கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அப்பா விளக்குகிறார். நடுவில் இருமுகிறார். "அவசரப்பட்டா வள்ளம் சுத்திக்கிட்டே கெடக்கும்" என்கிறார். பின்னணியில் மைனி, "மாமா, சாயா ஆறுது" என்கிறாள்.

இப்போது அந்தப் பதிவு மூன்று இடத்தில் இருக்கிறது. கடியப்பட்டணத்தில் ஒன்று, அண்ணனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. உங்கள் வீட்டில் ஒரே ஒரு பிரதியாக இருப்பது எது, சகோதரி? இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தொடர்கதைக்குப் போகுமுன் அதை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துவிடுங்களேன்!